எழுதாத கடிதத்துக்கு மன்னிப்பு

ஜூலை 3, திங்கள்

மனநல டாக்டர் நஸ்ரின் ஒரு நோட்டு போடச் சொன்னார். வாணி எத்தனை மணி நேரம் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், குளித்தாளா, யாரோடாவது பேசினாளா. தினமும் நாலு விஷயம் எழுதி, அடுத்த முறை கொண்டு வரவேண்டும்.

"வீட்டுல யார் எழுதுவீங்க?" என்று கேட்டார். வாணியின் புருஷன் முருகவேல் லாரியில் குஜராத் போனால் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். மகள் தாரணி இப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு. நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்ததும் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருப்பது என்று பேச்சு.

அந்த நோட்டு அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. இது வேறு. இது என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கும்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பால் கம்பெனி லேபில் வாணிக்குப் பதினோரு வருஷ சர்வீஸ், எனக்குப் பதினைந்து. போன நவம்பரில் யாரோ தலைமை ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். பால் கெட்டதை மறைக்கச் சோடா கலந்திருக்கிறார்களா என்று டெஸ்ட் செய்யாமலே 'இல்லை' என்று ரெஜிஸ்டரில் எழுதுகிறோம் என்று. விசாரணை வந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் ஜோதிமணியின் பதவி போனது. கான்ட்ராக்டில் இருந்த இரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் போட்டது வாணிதான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"சண்டை போட்டாங்களா?"

"இல்லீங்க டாக்டர். யாரும் பேசறதில்லை. எட்டு மாசமா."

"ஒருத்தர்கூடவா?"

"நான் பேசுவனுங்க."

வாணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் ரசமும் பருப்பும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

தூக்கம் மூன்று மணி நேரம். இட்லி ஒன்றரை. குளிக்கவில்லை. பேச்சு: "போதும்", "சரிக்கா", "தெரியலை."

ஜூலை 6, வியாழன்

அவரைக்காயும் வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு போனேன். "எதைச் செய்யட்டும் வாணி?" என்று கேட்டது என் தப்பு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியலக்கா. எதைச் சொன்னாலும் தப்பாப் போயிடும்."

இவள் எப்படி இருந்தவள்! இருபத்து நாலு சேம்பிளின் கொழுப்பு அளவுகளையும் மனசுக்குள்ளேயே கூட்டிச் சராசரி சொல்லிவிடுவாள். நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் விடை வந்திருக்கும். பால் அனுப்பும் கூட்டுறவு சங்கத்துக்காரர்களே "வாணி மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாதாடாமல் போவார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறு நாளும் என் ஷிப்ட்டைச் சேர்த்துப் பார்த்தது அவள்தான். தன் ஷிப்ட் முடிந்ததும் உட்காராமல் என்னுடையதையும் செய்தாள். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

இரண்டு காயையும் போட்டு ஒரே குழம்பாக வைத்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

முருகவேல் வந்திருக்கிறார். வாசலிலேயே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தனை பேர்ல நீங்க ஒருத்தராவது மனுசியா இருக்கீங்களேக்கா" என்றார். ராஜ்கோட்டிலிருந்து எனக்கென்று ஒரு சேலை வாங்கி வந்திருந்தார். வாங்க மாட்டேன் என்றேன். தாரணி என் கையில் திணித்தாள். "வாங்கிக்கங்க பெரியம்மா, அம்மாவும் நானும் போன்ல பார்த்துச் செலக்ட் பண்ணினது" என்றாள்.

அம்மா செலக்ட் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். அவளால் காயையே தேர்ந்தெடுக்க முடியவில்லை.

சேலையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, வெள்ளி

சாப்பாட்டு ரூமில் ஜோதிமணி, "என்னக்கா, உங்க பேஷன்ட் எப்படி இருக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "சம்பளத்தோட லீவுக்கு நல்ல நடிப்பு. ரெண்டு புள்ளைங்க வேலையைக் காலி பண்ணிட்டு இவளுக்கு மன வியாதியாம்."

நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறையச் சோறு இருந்தது.

ஜூலை 17, திங்கள்

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றார். வாணியை வெளியே பெஞ்சில் தாரணியோடு உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே இருந்து கேட்டேன். "டாக்டர், அடிச்சாங்களா, திட்டினாங்களா? பேசலை, அவ்வளவுதானே. அதுக்கு ஒரு மனுசிக்கு அறிவே மழுங்கிப் போகுமா?"

உண்மையில் 'போகாது' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"அறிவு எங்கேயும் போகலைம்மா" என்றார். "கை சுட்டா மூளைக்கு எப்படி வலி தெரியுதோ, நாலு பேர் சேர்ந்து ஒதுக்கினாலும் அதுக்குக் கிட்டத்தட்ட அப்படியே வலிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள்னா தாங்கிக்கும். மாசக்கணக்கா தினமும் நடந்தா, ஆபத்து ஆபத்துன்னே மூளை முழிச்சுட்டு இருக்கும். உடம்புல அதுக்கான சுரப்பு குறையவே குறையாது. சக்தியெல்லாம் அந்தக் காவலுக்கே செலவாயிட்டா, யோசிக்க, முடிவெடுக்க, ஞாபகம் வெச்சுக்க என்ன மிஞ்சும்? சும்மா பார்க்கற முகம்கூட முறைக்கற முகமாத் தெரியும். நல்லது நடந்தா ஒட்டாது. கெட்டது மட்டும் ஒட்டிக்கும். எல்லாத்துக்கும் தானே காரணம்னு தோணும்."

"எல்லாருக்கும் இப்படி ஆகுமா?"

"ஆகாது. சிலருக்கு ஆகும். ஆனவங்களைச் சோம்பேறி, நடிப்புன்னு சொல்லக்கூடாது. மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யும். மனுசங்க ஒரு பக்கம் வேலை செய்யணும். ஒரே ஒருத்தர் கூட நின்னாக்கூடப் பெரிய வித்தியாசம். நீங்க இருந்தீங்க பாருங்க, அதனாலதான் இந்த அளவோட நிக்குது."

வரும் வழியில் பஸ்ஸில் தாரணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 18, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னது பொய். இங்கேயாவது சரியாக எழுதுகிறேன்.

நானும் பேசவில்லை. டிசம்பரில் அவளை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்தபோது புதுக் குரூப்பில் நானும் சேர்ந்தேன். மதியம் அவள் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தால் எல்லாரும் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து போவார்கள். நான் கடைசியாக எழுவேன். கடைசியாக எழுந்ததையே அவளுக்குச் செய்த தயவாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் "ஏனுங்கக்கா, நான் என்ன பண்ணினேன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். என்னிடமும் கேட்டாள். "எனக்கெதுக்கும்மா உங்க வம்பு" என்றேன். மார்ச்சுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஸ்டோர் ரூமில் கேன்களுக்கு நடுவே நின்றபடி சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு சாப்பாடு கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள்.

வேலையில் தப்பு வர ஆரம்பித்தது. செய்ததையே திரும்பச் செய்வாள். செய்யாததைச் செய்ததாக எழுதுவாள். ஜூன் 9 அன்று, கொழுப்பு பார்க்க ஆசிட் ஊற்றிய கண்ணாடிக் குழாயிலேயே மறுபடியும் ஆசிட் ஊற்றினாள். வழிந்து மணிக்கட்டில் கொட்டியது. அவள் கத்தக்கூட இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் அடுத்த மேஜை. எழுந்தேன். ஜோதிமணி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டிலிருந்த வாட்ச்மேன்தான் ஓடிவந்து அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

அன்றைக்கு மறுநாள்தான் அவள் வீட்டுக்கு முதல்முறை போனேன்.

ஜூலை 19, புதன்

தூக்கம் நாலரை மணி நேரம். மூன்று தோசை. தயிர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 31, திங்கள்

மாத்திரை பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். இன்று நான் போகும்போது குளித்து, தலை பின்னியிருந்தாள். மல்லிகைப்பூ வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பார்த்தாள். "இளைச்சுட்டேன்" என்றாள். ஒரு மாதத்தில் தன்னைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் பேச்சு. தாரணி அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். இத்தனை நாளில் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். தாரணி ஆசைப்பட்டாள். பாலத்து ஓரமாகவே நின்று தண்ணீரைப் பார்த்தோம். புதுக் கயிறு கட்டிக்கொண்ட பெண்கள் இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். வாணியின் கை என் கையை இறுக்கியது.

"என்னைப் பார்த்துத்தானே சிரிக்கறாங்க?"

"இல்லை கண்ணு, அவங்க யாரோ. நம்மளைத் தெரியவே தெரியாது."

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்க்கா. எல்லாருக்கும் தெரியும்."

உடனே ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். டாக்டர் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

இன்று எழுதிவிடுகிறேன்.

கடிதம் போட்டது நான்.

ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்தேன். பேர் போடவில்லை. ஆனால் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. டேங்கர் வரிசையில் நிற்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று ஜோதிமணி பறந்தால் பாதி சேம்பிளுக்குச் சோடா டெஸ்டே நடக்காது. நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். அதைக்கூடப் பார்க்காமல் 'இல்லை', 'இல்லை' என்று நானே வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஜோதிமணிக்கு ஷிப்ட் இன்சார்ஜ் கொடுத்தது அதற்கு முந்தின மாதம். அவள் என்னைவிட நாலு வருஷம் ஜூனியர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு பெண்களின் வேலை போகும் என்று எனக்குத் தெரியாது. பழி வாணி மேல் விழும் என்றும் தெரியாது.

எழுதிவிட்டால் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையிலேயே போய்விட்டேன். மாவாட்டி, வாசல் கூட்டி, வாணிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அவள் முதுகு என் பக்கம் இருந்தது. திடீரென்று கேட்டாள்.

"சம்பூர்ணக்கா, அந்த லெட்டரை நான்தான் எழுதியிருப்பேனோ?"

என் கை நின்றுவிட்டது.

"என்ன பேச்சு வாணி இது?"

"எனக்குத்தான் எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்லையே. ஆசிட் ஊத்தினதே ஞாபகமில்லை. இதையும் எழுதிட்டு மறந்திருப்பேனோன்னு தோணுது. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கல்ல? அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் என்னாலதானே வீட்டுல உக்காந்திருக்காங்க."

"நீ எழுதலை."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

தண்ணீர் ஆறிவிடும் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. இந்த நோயில் செய்யாத குற்றத்தைக்கூட மனசு தன் மேல் போட்டுக்கொள்ளும், கவனமாக இருக்கவேண்டும், தனியாக விடாதீர்கள் என்றார். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்.

"உண்மையில யார் எழுதினாங்கன்னு உங்க யாருக்காவது தெரியுமா? அது தெரிஞ்சா இவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும். தன் ஞாபகத்தை நம்பலாம்னு ஒரு பிடிப்புக் கிடைக்கும்."

"தெரியாதுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

தாரணி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியது. 'நான் செய்த தவறால் நம் லேபில் எல்லோருக்கும் கஷ்டம் வந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.' கீழே வாணியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து முன்பெல்லாம் ரெஜிஸ்டரில் அச்சு மாதிரி இருக்கும். இப்போது கோணிக்கொண்டு போகிறது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் எல்லாரும் சாப்பிடற நேரத்துல படிக்கப் போறேன்க்கா."

"வேண்டாம் வாணி. நீ செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"கேட்டுட்டா பேசுவாங்கல்ல?" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவை கேட்டுட்டா முடிஞ்சுடும்க்கா. அவங்க நல்லவங்கதான். நாந்தான் கேக்காம விட்டுட்டேன்."

முருகவேலுக்குப் போன் போட்டேன். அவர் நாக்பூரில் இருக்கிறார். "அவளா ஒண்ணு செய்யணும்னு சொல்றதே இப்பத்தானேக்கா, நீங்க கூட இருந்து பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

தாரணி வாசல் வரை வந்தாள். "பெரியம்மா, அம்மா பொய் சொல்லமாட்டாங்க. எழுதலைன்னு அப்பவே சொன்னாங்க. இப்ப எழுதினேன்கறாங்க. நான் எதை நம்பறது?"

ஆகஸ்ட் 31, வியாழன்

கை துடைக்கத் துணி வாங்கினேன். தேங்காய் ஒன்று. வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

ஒன்றேகால் மணிக்கு வந்தாள். தாரணி ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். வாணி நீலச் சேலை கட்டி, பொட்டு வைத்து, பஸ்ஸில் கசங்காமல் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டு ரூமில் பதினோரு பேர் இருந்தோம். ஃபேன் சத்தம் மட்டும்.

தாளைப் பிரித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அப்புறம் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் வரியையே இரண்டு தடவை படித்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாரணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வயசுப் பெண்ணின் பார்வை அது. நான் எழுந்தேன்.

"வாணி, படிக்காதே. லெட்டர் போட்டது நான்."

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். எந்த ஊரில், எந்தத் தேதியில், என்னென்ன வரி என்று சொன்னேன். ஒரு வரியைச் சொல்லும்போதே ஜோதிமணி எழுந்துவிட்டாள். விசாரணையில் அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு எதுக்குக்கா வாணி பேரைச் சொன்னீங்க?"

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. நவம்பரில் விசாரணை முடிந்த அன்று, கை கழுவும் இடத்தில் ஜோதிமணி என்னிடம், "யாருக்கா எழுதியிருப்பா?" என்று கேட்டாள். என்னையே உற்றுப் பார்த்தாள். நான் மூடிய குழாயை மறுபடி திறந்தேன். "வாணிதான் எதையும் ரெண்டு தடவை பார்த்து எழுதறவ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

"சொன்னீங்களா இல்லையா?" என்றாள் ஜோதிமணி.

"சொன்னேன்."

வாணி தாளை மடித்தாள். நாலாக மடித்துக் கவரில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. தாரணியிடம் சொன்னாள். "அப்ப நான் எழுதலை." மறுபடியும், "நான் எழுதலைடி. எனக்கு ஞாபகம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

ஜோதிமணி போய் வாணியின் கையைப் பிடித்தாள். வாணி கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் வெளியே போனார்கள். தாரணி கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுதிருந்தாலும் பரவாயில்லை. அழவில்லை.

செப்டம்பர் 2, சனி

தாரணி போன் செய்தாள். "இனிமேல் வராதீங்க" என்றாள். பெரியம்மா என்று சொல்லவில்லை. நோட்டை அவளே எழுதிக்கொள்வாளாம்.

அந்தச் சேலையைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். அதுவும் அவர்களைக் குத்துவதாக ஆகிவிடும்.

செப்டம்பர் 8, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். கடிதம் போட்டதற்காக நடவடிக்கை எடுக்க முடியாது, ஆனால் லேபில் யாரும் என்னோடு வேலை பார்க்கத் தயாராக இல்லை என்றார். டேங்கர் இறங்கும் இடத்தில் முதல் சேம்பிள் எடுத்துப் பார்க்கும் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் என் பேர் இல்லை. நியாயம்தான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஓசூரிலிருந்து பையன் போன் செய்தான். நன்றாக இருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.

அரிசியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வயசாகிறது.

அக்டோபர் 16, திங்கள்

வாணி வேலைக்குத் திரும்பிவிட்டாளாம். அரை நாள் மட்டும். டேங்கர் டிரைவர்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. ஜோதிமணி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாளாம். வாணி உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே பேசி அனுப்பினாளாம். எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லையாம். ஜன்னலோரம் தனி மேஜை போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறாளாம். ஒதுக்கப்பட்டு அல்ல, தானாக.

சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதத்தான் நினைத்தேன். சந்தோஷம் எது என்று சரியாகத் தெரியவில்லை. ஒரே கனமாக இருக்கிறது.

அக்டோபர் 19, வியாழன்

இன்று யாரோடும் பேசவில்லை. நேற்றும்.

நவம்பர் 3, வெள்ளி

டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்து எச்சில் துப்பினார். வெற்றிலை போடுகிறவர், அவருக்கு வழக்கம்தான். ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் என்று அரை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. அதுவரைகூடத் தூங்கினேனா என்று சந்தேகம். கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தேன் என்று நிற்கிறேன். இது வாணிக்கு வந்த வியாதி இல்லை. எனக்கு வந்திருப்பது நான் செய்ததற்குக் கூலி. இரண்டும் ஒன்றாகுமா?

நவம்பர் 9, வியாழன்

ஒன்றும் சமைக்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

பதினொன்றரை மணிக்கு வாணி டேங்கர் மேடைக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டு, கையில் என் ரீடிங் சீட்டு. செப்டம்பருக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இப்போதுதான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மணிக்கட்டில் ஆசிட் தழும்பு வெளுத்திருக்கிறது.

"மூணாம் நம்பர் டேங்கருக்குக் கொழுப்பு 4.9னு போட்டிருக்கீங்க. லேப்ல எனக்கு 3.9தான் வருது."

"நான் பார்த்துத்தானே எழுதினேன்."

"நேத்தும் ரெண்டு தப்பு. செவ்வாய்க்கிழமை ஒண்ணு. நான் மேனேஜர்கிட்ட சொல்லலை, திருத்தி எழுதிட்டேன்." என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "எத்தனை நாளாத் தலை பின்னலை?"

எனக்கே தெரியவில்லை.

"தூக்கம் வருதா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் டாக்டர்கிட்ட அப்படித்தான் சொன்னேன்." சீட்டை என் மேஜை மேல் வைத்தாள். குரலில் ஈரம் இல்லை. "திங்கக்கிழமை டாக்டர் நஸ்ரின் இருப்பாங்க. ஏழரைக்கெல்லாம் டோக்கன் குடுப்பாங்க. போய்ப் பாருங்க."

"வாணி..." என்றேன். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "எனக்கு அது இன்னும் வரலை. வருமான்னும் தெரியலை. ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பார்த்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த டேங்கரில் மறுபடி சேம்பிள் எடுத்தேன். மெதுவாக, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 3.9. வாணி சொன்னதுதான் சரி.

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.